புள்ளியில் சேராத இரண்டு பேர்

கானாடுகாத்தானில் முதல் நாள் காலை என்னை எழுப்பியது ஒரு பந்துச் சத்தம். தட், தட், தட் என்று தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் நின்றது. பிறகு யாரோ வெறுங்காலில் நடக்கும் சத்தம், ரொம்ப நேரம். மறுபடியும் தட், தட், தட். மறுபடியும் நடை. படுத்தபடியே அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. டிசம்பர் கடைசியில் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காததால், வண்டி ஓட்டத் தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கு 34 வயது. எந்த வேலையிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. பெண் பார்க்கப் போக வேண்டிய நாளில் போனை அணைத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான், அதுவும் இரண்டு முறை. அம்மா அன்றைக்கு அழுததை என்னால் மறக்க முடியாது. மனசு நல்ல மனசுதான், ஆனால் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான், வருகிறேன் என்று சொன்ன இடத்துக்குப் போகமாட்டான், பதினைந்து வயதில் எப்படி இருந்தானோ அப்படியே இருக்கிறான். சென்னையிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர், திருச்சி தாண்டும் வரை அவனுக்கு நான் புத்தி சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

நாங்கள் தங்கியது விடுதி இல்லை, வீடு. எழுபதைத் தாண்டிய ஒரு ஆச்சி, முகப்பை ஒட்டிய இரண்டு அறைகளை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். கூட அவர் பேரன், ஏழாம் வகுப்பு. அவ்வளவு பெரிய வீட்டில் இந்த இரண்டு பேர்தான். அப்பா வெளிநாட்டில், அம்மாவுக்குச் சென்னையில் மருத்துவமனை வேலை, இரவு ஷிப்ட். பையனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு வருடத்துக்கு முன்னால் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இவன் பேசுவது சென்னைப் பேச்சு என்று கேலி செய்திருக்கிறார்கள் போல. அப்பத்தாவிடம் "வந்தாக, போனாக" என்று பேசுகிறான், அம்மாவிடம் போனில் பேசும்போது "வந்தாங்க, போனாங்க". முதல் நாளே இதைக் கவனித்தேன், எனக்கு என்னவோ போலிருந்தது.

பந்து விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் போய், கடைசியில் பின்தெரு வெளிச்சம் ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். பையன் முகப்பில் நின்று ஒரு டென்னிஸ் பந்தை வீசுவான். எந்த வாசல் நிலையிலும் படாமல் அது பின்வாசல் வரை போக வேண்டும், அதுதான் விளையாட்டு. போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அவனேதான் நடந்துபோய் எடுத்து வர வேண்டும். காலையில் நான் கேட்ட நடை அதுதான்.

இரண்டாம் நாள் காலையிலும் அதே தட், தட், தட். ஆனால் நடை இல்லை. பந்து திரும்பி வந்தது.

எழுந்து வந்து பார்த்தால், மூன்றாம் கட்டு வாசலில் என் தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஆறரை மணிக்கு அவன் எழுந்து நான் பார்த்ததே இல்லை. பந்து தூணில் பட்டதா நிலையில் பட்டதா என்று இரண்டு பேருக்கும் சண்டை. சமாதானத்துக்கு இறங்கி வராமல், தோற்றுக்கொடுக்காமல், பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சரிக்குச் சரி சண்டை போட்டுக்கொண்டிருந்தான். "நீ பர்மா தேக்குத் தூணைத்தான்டா அடிச்ச, சத்தமே வேற" என்கிறான். பெரியவர்கள் யாராவது விளையாட வந்தால் ஐந்து நிமிடத்தில் பிள்ளையை ஜெயிக்க விட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார்கள், நானும் அப்படித்தான் செய்வேன். இவன் ஜெயிக்கத்தான் ஆடினான். அந்தப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் ஏதாவது உடைந்துவிடப் போகிறது என்று ஆச்சியிடம் சொன்னேன். "ஒடையிறதுக்கு என்னம்மா இருக்கு, எல்லாம் பூட்டித்தான கெடக்கு" என்றார். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கல்யாணத்தின்போது ஒதுக்குகிறவை, சாமான்களை அதில் வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்து, இப்போது ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு ஊர். பையன் எங்களுக்குச் சுற்றிக் காட்டினான், இது மலேசியா, இது பெங்களூர், இது சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் என்று.

"எங்க வளவுல மொத்தம் 11 புள்ளி" என்றான்.

புள்ளி என்றால் என்னவென்று தம்பி கேட்டான். நகரத்தாரில், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களில், கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. கோவில் வரி முதற்கொண்டு அந்தக் கணக்கில்தான். பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி என்று அவர்களுக்கு ஒன்பது நகரக் கோவில்கள், ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோவிலைச் சேர்ந்தது, இந்தப் பையன் எல்லாவற்றையும் விரலை மடக்கி ஒப்பித்தான். கல்யாணம் ஆனால்தான் புள்ளி, பெற்றோரோடு ஒரே வீட்டில் இருந்தாலும் தனி உலை, தனிக் கணக்கு.

"அப்போ நீ?"

"நான் புள்ளி இல்லண்ணே. கல்யாணம் ஆனாத்தான்."

"நானும் இல்லடா" என்றான் தம்பி.

பையன் அவனை மேலும் கீழும் பார்த்தான். இவ்வளவு பெரிய ஆள் இன்னும் கணக்கில் சேரவில்லை என்பது அவனுக்கு நம்ப முடியாத சந்தோஷமாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. மத்தியான வெயிலில் வளவுச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்பதைப் பார்த்தேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர், பளிங்கு மாதிரி வழவழப்பு, உச்சி வெயிலிலும் சில்லென்றிருக்கும். நானும் வைத்துப் பார்த்தேன், உண்மைதான்.

முகப்பில் பையனின் பாட்டனாருக்கு அப்பா படம் ஒன்று மாட்டியிருக்கிறது. "இவுகளை என் வயசுல பர்மாவுக்குக் கப்பல் ஏத்தி விட்டுட்டாக" என்றான். வட்டிக்கடையில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குப் பழக வேண்டும், அந்த வேலைக்குப் பெட்டியடிப் பையன் என்றே பெயர். அதிலிருந்து அடுத்தாள், அப்புறம் கடைக்கே பொறுப்பு. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது எத்தனையோ பேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். இந்தத் தெருவிலுள்ள வீடுகள் எல்லாமே, வருடக்கணக்கில் ஊரில் இல்லாத ஆண்கள் அனுப்பிய காசில் எழுந்தவை. 1912-ல் கட்டிய செட்டிநாட்டு ராஜா வீட்டின் முன்னால் நின்றபோதும் எனக்கு அந்தத் தூண்களை விட, காத்திருந்த பெண்களும் பிள்ளைகளும்தான் மனதில் வந்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுத்துக்கொண்டு (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, அந்தக் கட்டம் போட்ட அரக்குச் சிவப்புக்கு ஈடே இல்லை) ஏழு மணிக்குத் திரும்பினால், ஆச்சி தெருவில் செருப்பில்லாமல் நிற்கிறார். பையனைக் காணோம். தம்பியையும் காணோம், அவன் போன் அணைந்திருந்தது. ஆச்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் என்னை அவர் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. நீங்கள் யார், மூன்று நாள் பழக்கம், பிள்ளையை எங்கே கொண்டு போனான் உங்கள் தம்பி. அவர் பயந்தது நூற்றுக்கு நூறு நியாயம். நானாக இருந்திருந்தால் போலீசுக்கே போயிருப்பேன்.

எட்டு மணிக்கு இரண்டு பேரும் ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டு வந்தார்கள். செட்டிநாடு ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள், ரயில் பார்க்க. எந்த ரயில் நிற்கும், எது நிற்காமல் போகும் என்பதெல்லாம் பையனுக்கு மனப்பாடம், அப்பாவும் அம்மாவும் வந்தால் வருகிற வழி அது என்பதால். நான் தெருவிலேயே வைத்துத் தம்பியைத் திட்டினேன். உனக்கு எப்போதுதான் பொறுப்பு வரும், ஊரான் பிள்ளை, சொல்லிவிட்டுப் போகத் தெரியாதா என்று வாயில் வந்ததையெல்லாம். "நான்தான்க்கா கூப்பிட்டேன்" என்று பையன் நடுவில் வந்தான். தம்பி எதுவும் பேசவில்லை.

மறுநாள் ஆச்சி அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். தம்பி போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "சொல்லாம கூட்டிட்டுப் போனது தப்பு ஆச்சி. என் மேலதான் தப்பு, அவனத் திட்டாதீங்க" என்றான். யாரும் சொல்லித்தராமல் அவன் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆச்சி கொஞ்ச நேரம் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லிட்டுப் போங்க தம்பி. போக வேண்டாம்னு சொல்லல" என்றார். நாலு பணியாரத்தைத் தட்டில் வைத்து, காரச் சட்னியை ஊற்றினார்.

அன்றைக்கு ஆச்சியிடம் சொல்லிவிட்டு, அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனோம். தரையில் பதிக்கிற பூக்கல் செய்வதைப் பார்க்க எனக்கு மணிக்கணக்கில் ஆனாலும் அலுக்காது. ஒரு கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் ஒட்டி நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக்கலவை வைத்துக் கரணையால் தேய்த்து மட்டம் செய்கிறார்கள். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் காய வேண்டியதுதான். கண்ணாடியின் வழவழப்பைத்தான் கல் தன் முகத்தில் வாங்கிக்கொள்கிறது.

அங்கே வேலை செய்த பெரியவர் இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு கல் ஊற்றக் கொடுத்தார். பையன் மஞ்சளைப் பொறுமையாக ஊற்றினான், தம்பி அவசரப்பட்டு அச்சைத் தூக்கினான், ஒரு ஓரத்தில் சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிட்டது. "விக்கிறதுக்கு ஆகாது, வச்சுக்கலாம்" என்றார் பெரியவர். ஆனால் உடனே எடுத்துப் போக முடியாது, ஊறிக் காய்ந்து கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும். நாங்கள் மறுநாள் கிளம்புகிறோம்.

"நான் வந்து வாங்கிக்கிறேன்டா" என்றான் தம்பி.

அந்தச் சொல்லை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அம்மாவிடம், அப்பாவின் திவசத்துக்கு, என் பெண்ணின் பிறந்தநாளுக்கு. பையன் தலையாட்டினான், ஆனால் அப்படிச் சொல்கிறவர்களை அவனும் பார்த்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்படியே காரைக்குடிக்கும் போய், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றோம். பிரித்த வீடுகளின் தூண்கள், கதவுகள், பேர் வெட்டிய பாத்திரங்கள், யாரோ ஒருவரின் கல்யாணப் படம். பையன் ஒரு பெரிய நிலைக்கதவைத் தடவிக்கொண்டே, "எங்க வீட்டையும் இப்படிப் பிரிச்சு வித்துருவாகளாண்ணே" என்று கேட்டான். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் தம்பி, "தெரியலடா. வித்தா நாம பந்து போடற கதவ மட்டும் நான் வாங்கிடறேன்" என்றான். பையன் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆறு கதவு இருக்குண்ணே" என்றான்.

"ஆறையும்."

ஊருக்குத் திரும்பி நான் என் வேலையில் மூழ்கிவிட்டேன். பொங்கல் முடிந்த வாரம், ஒரு சனிக்கிழமை காலை, அம்மா போன் செய்து தம்பி வீட்டில் இல்லை என்றார். முந்தின நாள் மத்தியானம் எழும்பூரில் பல்லவன் ரயிலைப் பிடித்துக் காரைக்குடிக்குப் போய்விட்டான், அதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் அவனுக்குப் போன் அடித்தேன். கல் நன்றாக வந்திருக்கிறதாம், அந்தச் சிவப்பு ஓரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறதாம், யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லையாம். ஆச்சி எப்படி இருக்கிறார், நீ எப்போது வருவாய் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். பின்னால் தட், தட், தட் என்று சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, அப்புறம் பேசறேன், பந்து வருது" என்று வைத்துவிட்டான்.