வரம்புக்குள் இருந்த பஞ்சு

“எண்ணெல்லாம் வரம்புக்குள்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு சார் வேண்டாம்கிறீங்க?” நூற்பு மில்லில் பஞ்சின் தரம் பார்க்கும் நான், பஞ்சு வியாபாரியின் இந்தக் கேள்விக்கு அன்று சொன்ன பதில் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அது என்னை விடுவதாக இல்லை.

அவர் கொண்டுவந்த பஞ்சு லாட்டின் மைக்ரோனேர், அதாவது இழை எவ்வளவு மெல்லியது என்று காட்டும் எண், 3.6. எண் குறைந்தால் இழை மெல்லியது. பொதுவாக ஏற்கும் வரம்பு 3.5 முதல் 4.9 வரை. நீளத்திலும் வலிமையிலும் குறையில்லை. இழை மெல்லியதாக இருந்தால் நூலின் குறுக்குவெட்டில் இழைகள் கூடும். 40ஆம் கவுண்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) நூலில் மைக்ரோனேர் 4.2 என்றால் சுமார் 90 இழை, 3.6 என்றால் 100-ஐத் தாண்டும், நூல் சீராக வரும். இதை அவரே சொன்னார். விஷயம் தெரிந்தவர்.

ஆனால் மைக்ரோனேர் பார்க்கும் கருவி பஞ்சுக்குள் காற்று எவ்வளவு எளிதாகப் போகிறது என்று மட்டுமே பார்க்கும். இயல்பிலேயே மெல்லிய இழையா, முற்றாததால் குழாய்ச்சுவர் தடிக்காமல் நின்றுபோன இழையா என்று பிரித்துச் சொல்லாது. அந்த ரகம் வழக்கமாக 4.2 பக்கம் வரும். அந்தப் பருவத்திலோ காய் முற்றும் சமயத்தில் வெயிலே இல்லை, மழையும் மூட்டமும்தான். பூத்தபின் முதல் மூன்று வாரம்போல இழை நீள்கிறது. அப்புறம்தான் உள்ளே செல்லுலோஸ் படிந்து தடிக்கிறது. முதல் கட்டத்தில் தண்ணீர் பற்றாவிட்டால் நீளம் குறையும். இரண்டாம் கட்டத்தில் வெயில் இல்லாவிட்டால் நீளம் இருக்கும், சுவர் இருக்காது. அப்படிப்பட்ட இழை காய்ந்ததும் நாடாபோலத் தட்டையாகி, விதை பிரிக்கும் ஜின்னிங்கிலும் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் சுருண்டு நெப் என்ற சிறு முடிச்சாகிவிடும். சாயமும் சரியாக ஏறாது. எங்கள் ஆர்டரோ கருநீலத் துணிக்கு. அதில் ஒவ்வொரு நெப்பும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

இழை முற்றியதா என்று தெரிய, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தட்டை இழைகள் நிறையவே இருந்தன. ஆனால் நான் பார்த்தது ஒரு சிட்டிகைப் பஞ்சு. ஒரே செடியிலேயே கீழ்க்காய் வெயிலில் முற்றியிருக்கும், மேல்காய் மழையில் மாட்டியிருக்கும். அந்தச் சிட்டிகை முழு லாட்டுக்கும் சாட்சி சொல்லுமா?

“நாலு பேல் ஓட்டிப் பாருங்க சார்” என்றார் வியாபாரி, நாலு கட்டுப் பஞ்சை நூற்றுப் பார்க்கச் சொல்லி. நியாயமான பேச்சுதான். ஆனால் நூலாக இருக்கும்போது நல்லதாகத் தோன்றுவது சாயப்பட்டறையில் காலை வாரும். அதுவரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். “கையெழுத்துப் போடுவீங்களா?” “மாட்டேன் சார்.”

வியாபாரி கோபப்படவில்லை. “மழைக்கு விவசாயி என்ன சார் பண்ணுவாரு?” என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது பஞ்சின் தரத்தைப் பற்றி அல்ல என்பதால் என்னிடம் பதில் இல்லை.

கருநீலத்துக்கு என்றால் இன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாயம் போடாத துணிக்கு நூற்கும் மில்லில் அதே பஞ்சை மற்ற பேல்களோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டியிருக்க முடியும். ஆனால் ஒரு மில் திருப்பியனுப்பிய லாட் என்று தெரிந்தபின் அடுத்த மில் எப்படி விலை பேசும் என்பது எனக்குத் தெரியும். அந்த இழப்பு வியாபாரியோடு நின்றதா, வயல் வரை போனதா என்பதுதான் தெரியவில்லை.