27 மில்லிமீற்றர் மாதிரியும் 40 மில்லிமீற்றர் இடைவெளியும்

சின்ன மாதிரிகளை வைத்துச் சார்ப்பி மோதல் சோதனை செய்யப்போகும் மலையகப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நடுவில் சிறு வெட்டுப் போட்ட உருக்குத் துண்டை ஊசலால் அடித்து உடைத்து, அது உறிஞ்சும் சக்தியை யூலில் அளப்பதுதான் இந்தச் சோதனை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் கைக்கு வந்தது பி91 குழாயின் ஒரு துண்டு. கல்பாக்கத்து அதிவேக ஈனுலையின் நீராவிக் கருவிகளில் இருப்பதும் இந்த 9 சதவீதக் குரோமிய உருக்கு வகைதான். வழக்கமான 10×10×55 மி.மீ. மாதிரி வெட்ட அந்தத் துண்டு காணாது. 3×4×27 என்றால் தாராளமாக வரும். அணு உலைக்காரர்களுக்கும் இதே தேவைதான். உலைக்குள் மாதிரி வைக்க இடம் குறைவு, கதிர்பட்ட உருக்கு எவ்வளவு சிறிதோ அவ்வளவு பாதுகாப்பு. உடைந்த பெரிய மாதிரியின் பாதியிலிருந்தே புதிய சின்ன மாதிரிகளை வெட்டிக்கொள்வார்கள்.

கண்டியில் வயர் கட்டிங், அதாவது மெல்லிய கம்பியில் மின்பொறி பாய்ச்சி வெட்டுவது, நன்றாகவே முடிந்தது. வயரின் விட்டத்தை மட்டும் முதலே கேளுங்கள். மாதிரியின் நடுவில் போடும் வெட்டின் அடியில் ஆரை 0.1 மி.மீ. வேண்டும், 0.25 மி.மீ. வயர் போட்டால் அது வரவே வராது.

அப்புறம்தான் வினை. கொழும்புப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மாதிரியின் அளவைச் சொன்னேன், "செய்யலாம், காசைக் கட்டிட்டு வாங்க" என்றார் எழுதுவினைஞர். ஹட்டனில் விடியமுன் பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல வளைவெல்லாம் இறங்கிப் போனால், அங்கே இருந்தது 300 யூல் ஊசல் ஒன்றுதான். தாங்கிகளுக்கு நடுவே 40 மி.மீ. இடைவெளி. 27 மி.மீ. மாதிரி அதில் எங்கே நிற்கும்? நிறுத்தினாலும் பயனில்லை. சின்ன மாதிரி உடையப் பத்து யூல்கூடத் தேவைப்படாது. அவ்வளவு பெரிய ஊசலில் அதை நம்பி அளக்க முடியாது. "மெஷின் மெஷின்தானே தங்கச்சி" என்றார் அவர். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே ஊசலின் யூல் அளவு, தாங்கி இடைவெளி 22 மி.மீ.தானா, அடிக்கும் முனையின் ஆரை என்ன, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தது பிளாஸ்டிக் சோதிக்கும் ஒரு கூடம். அங்கே 15 யூல் ஊசல் இருந்தது. அங்கிருந்த அண்ணா ஒருவர் 22 மி.மீ. இடைவெளியில் தாங்கி கடைந்து பொருத்தித் தந்தார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

உருக்கு எந்தக் குளிரில் நொறுங்கத் தொடங்குகிறது என்று பார்க்க மாதிரிகளைக் குளிரூட்டி அடிக்க வேண்டும். அதற்குத் திரவ நைதரசன் மாடுகளால் கிடைத்தது. செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு அதை வைத்திருக்கும் கால்நடை வைத்தியர் ஒருவர் கொஞ்சம் தந்தார். குடுவை மூடியை இறுக்கவே கூடாது, ஆவி வெளியேற வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோகவும் வேண்டாம். நான் த்ரீவீலரில் இரண்டு பக்கமும் திறந்தபடி கொண்டுபோனேன். எதனோலில் சிறிது சிறிதாக ஊற்றி வெப்பநிலையை இறக்கலாம். இடுக்கியையும் அதற்குள்ளேயே போட்டு வையுங்கள். பெரிய மாதிரிக்கு எடுத்ததிலிருந்து 5 வினாடிக்குள் அடித்தால் போதும் என்பார்கள், 3 மி.மீ. கனத்துக்கு அதுவே நீண்ட நேரம். அதற்குள் சூடேறிவிடும், நம்மூர் ஈரக்காற்றில் உறைபனியும் படியும்.

அறை வெப்பநிலையில் மங்கலாக நார்நாராகக் கிழிந்த அதே உருக்கு, ஆழ்ந்த குளிரில் பளபளவென்று தட்டையாக உடைந்தது. வெப்பநிலைக்கு எதிராகச் சக்தியைக் குறித்த வரைபு முழுதாக வந்தது. உருக்கு கிழிவதிலிருந்து நொறுங்குவதற்கு மாறும் மாறுநிலை வெப்பநிலை பெரிய மாதிரியினதைவிடக் கீழே விழும், அது சின்ன மாதிரியின் இயல்பு. அந்தத் திருத்தம் இல்லாமல் பெறுபேற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முதல் ஆய்வுகூடத்தில் கட்டிய பணம் இன்னும் வரவில்லை. பற்றுச்சீட்டின் பிரதியோடு மறுபடி கடிதம் போட்டிருக்கிறேன்.