திருநெல்வேலியில் பிறந்த எனக்கு விசா குலுக்கலில் கிரீன் கார்டு கிடைத்த கதை

குறைவானவர்கள் குடியேறும் நாடுகளில் பிறந்தவர்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்து, கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) தரும் அமெரிக்காவின் டைவர்சிட்டி விசா குலுக்கல் இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிடையாது என்பது இங்கே இருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் திருநெல்வேலியில் பிறந்தவன். ஆனாலும் அந்தக் குலுக்கலில்தான் எனக்கு கிரீன் கார்டு வந்தது, அதுவும் இந்த நாட்டை விட்டு வெளியே போகாமலே. எப்படி, எப்படி என்று போன் மேல் போன். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அந்த விதி. முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடியேறிய நாடுகளைக் குலுக்கலில் சேர்க்க மாட்டார்கள், அதனால்தான் இந்தியா இல்லை. இலங்கை உண்டு, நேபாளம் உண்டு. அவர்கள் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. நீங்கள் பிறந்த நாடு பட்டியலில் இல்லாவிட்டாலும் கணவனோ மனைவியோ பிறந்த நாடு இருந்தால் அதைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். என் மனைவி 1992-ல் இலங்கையில், யாழ்ப்பாணத்துப் பக்கம் சாவகச்சேரியில் பிறந்தவள். இருவரும் இங்கே படிக்க வந்த இடத்தில் சந்தித்துத் திருமணம் செய்துகொண்டோம். இந்த விதியை எனக்குச் சொன்னவர் லேபில் என் பக்கத்து மேசையில் இருந்த நேபாளத்து நண்பர், அவர் ஊரில் இந்தக் குலுக்கலைத் தெரியாத வீடே இல்லையாம். (வேலை வழியாக கிரீன் கார்டுக்கு நிற்கும் வரிசைக்கும் இதே விதி பொருந்தும். மனைவி இலங்கையிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ பிறந்திருந்தும் இந்திய வரிசையிலேயே வருடக்கணக்கில் நின்றுகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து இன்றே உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.)

எனக்கு வேலை வழி இல்லை. நான் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிறகு தற்காலிகமாக ஆராய்ச்சி செய்பவன்), ஹெச்-1பி என்கிற வேலை விசா, எங்கள் பல்கலைக்கழகம் போஸ்ட்டாக்குகளுக்கு கிரீன் கார்டு போடாது. அவள் படிப்பு முடித்து ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, என் விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவுக்கு மாறியவள், அதற்கப்புறம் வேலை பார்க்க அனுமதி இல்லை. முதுகலை படித்தவள் இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மிகவும் வலித்தது.

2022 அக்டோபரில் இருவரும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டோம். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான், ஆனால் கணவன் மனைவி ஆளுக்கொன்று போட்டு, அதில் மற்றவர் பெயரைச் சேர்க்கலாம். சேர்த்தே ஆக வேண்டும், விட்டுவிட்டால் பின்னால் அதுவே நிராகரிக்கக் காரணமாகிவிடும். படிவத்தில் 'நீங்கள் பிறந்த நாட்டை வைத்துத்தான் தகுதி கோருகிறீர்களா' என்று ஒரு கேள்வி வரும், அங்கே நான் 'இல்லை' என்று குறித்து இலங்கையைத் தேர்ந்தெடுத்தேன். மற்றபடி அரை மணி நேர வேலை, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், 600க்கு 600 பிக்சல் படம் வேண்டும். கடைசியில் வரும் உறுதிப்படுத்தும் எண்ணை மட்டும் உயிரைப் போலப் பாதுகாக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போட்டு, அந்த எண்ணை ஏஜென்ட் கையில் விட்டுவிட்டு, பிறகு அவர் கேட்கும் காசைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மே மாதம் முடிவு வரும். மின்னஞ்சல் எதுவும் வராது, 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பணம் அனுப்புங்கள்' என்று வந்தால் அது மோசடி. நாமேதான் தளத்துக்குப் போய் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவள் எண்ணை முதலில் போட்டோம், இல்லை. என் எண்ணைப் போட்டோம், வேறு மாதிரி ஒரு கடிதம் திறந்தது. இரண்டு பேரும் நாலைந்து தடவை படித்தோம். அவள் எழுந்து போய் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குலுக்கலில் பெயர் வந்தால் கிரீன் கார்டு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வருடத்துக்கு 55,000 விசா வரைதான், தேர்ந்தெடுப்பதோ குடும்பத்தினரையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல். அதோடு ஒரு தேதி இருக்கிறது, செப்டம்பர் 30. அவர்கள் நிதியாண்டு அன்றோடு முடிகிறது, அன்று நள்ளிரவுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று. அதிகாரிகள் தாமதப்படுத்தியதால் போனாலும் போனதுதான், அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க சட்டத்தில் இடமில்லை. அடுத்த பதினாறு மாதம் நாங்கள் அந்தத் தேதியை வைத்துத்தான் வாழ்ந்தோம்.

ஊருக்குப் போய்த் தூதரகத்தில் விசா வாங்கி வருவதா, இங்கிருந்தே விண்ணப்பிப்பதா என்று யோசித்தோம். போன இடத்தில் சிக்கல் என்றால் என் வேலையும் அந்தரத்தில் தொங்கும் என்பதால் இங்கிருந்தே ஐ-485 என்கிற கிரீன் கார்டு விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்தோம். இதற்கு ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. வந்த நாளிலிருந்து விசா நிலை ஒழுங்காக இருந்திருக்க வேண்டும், அனுமதியில்லாமல் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்கக் கூடாது. வேலை வழியாக வருகிறவர்களுக்கு 180 நாள் வரை ஒரு சலுகை இருக்கிறது, குலுக்கலில் வருகிறவர்களுக்கு அது கிடையாது. அதனால் அவளுடைய ஐ-20 தாள்கள் (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தருவது), வேலை அனுமதி அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பழைய பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடி எடுத்தோம்.

எடுக்க முடியாத ஒன்று அவளுடைய பிறப்புச் சான்றிதழ். என் விண்ணப்பமே அவள் பிறந்த ஊரில்தான் நிற்கிறது, அதற்கு ஆதாரம் அந்த ஒரு தாள். 1995-ல் போரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து, சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்கு வந்தபோது இவர்கள் வீட்டில் நாற்பது பேர் தங்கியிருந்தார்களாம். அடுத்த வருடம் இவர்களும் வன்னிக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த ஓட்டத்தில் பெட்டியும் போய் பிறப்புப் பத்திரமும் போய்விட்டது. மாமி, அதாவது அவள் அம்மா, சாவகச்சேரியில்தான் இருக்கிறார், பிரதேச செயலகத்துக்கு மூன்று நாள் அலைந்தார். மூன்றாம் நாள் ராத்திரி போன் செய்து, "தம்பி, பதிவுப் புத்தகம் இருக்காம், பக்கமும் இருக்குது, நான் என்ர கண்ணால பாத்திட்டன்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மகள் பிறந்த செய்தியைத் தன் கணவர் போய்ப் பதிந்த கையெழுத்தை முப்பது வருடம் கழித்துப் பார்த்திருக்கிறார். மாமா 2009-க்குப் பிறகு இல்லை. வந்த பிரதியில் மாமாவின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது, அதற்கு மாமியிடமே சத்தியக் கடதாசி (பிரமாணப் பத்திரம்) வாங்கிச் சேர்த்தோம். ஆங்கில மொழிபெயர்ப்புக்கு இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் 'சரியாக மொழிபெயர்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டால் போதும், ஒரு நண்பர் செய்துகொடுத்தார்.

அடுத்தது பணம். வெளியுறவுத் துறைக்கு ஆளுக்கு 330 டாலர், இது ஐ-485 கட்டணத்தில் சேராது. தபால் நிலையத்தில் மணியார்டர் எடுத்து, நம் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரையும் உள்ளே வைத்து, மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் முகவரிக்கு அனுப்ப வேண்டும். ரசீது திரும்பி வர எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. எங்கள் வரிசை எண்ணுக்கு முறை வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

எண் என்றால், தேர்வுக் கடிதத்தில் இருக்கும் வரிசை எண். ஒவ்வொரு மாதமும் விசா புல்லட்டின் என்று ஒன்று வரும், அதில் ஆசியாவுக்கு எந்த எண் வரை விசா உண்டு என்று போடுவார்கள். அதிலேயே கீழே அடுத்த மாதத்துக்கான எண்ணும் இருக்கும். உள்ளிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் இந்த அடுத்த மாத எண்ணை வைத்தே ஆறேழு வாரம் முன்னதாக அனுப்பிவிடலாம். இது தெரியாமல் ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். எங்கள் எண் மார்ச் 2024 புல்லட்டினில் (அது பிப்ரவரியிலேயே வந்துவிட்டது), ஏப்ரலுக்கான வரிசையில் வந்தது. மருத்துவப் பரிசோதனையை அதற்கு முன்பே முடித்திருந்தோம். மருத்துவர் படிவத்தை ஒட்டிய கவரில் தருவார், நாம் பிரிக்கக் கூடாது, ஆனால் நமக்கென்று ஒரு நகல் கேட்டு வாங்கலாம். அப்படி வாங்கிய நகலை வீட்டில் வந்து பார்த்தால் என்னுடையதில் ஒரு பரிசோதனை முடிவுக்கான கட்டம் காலி. மறுநாளே போய்த் திருத்தி புதுக் கவர் வாங்கினேன். பார்க்காமல் அனுப்பியிருந்தால் இரண்டு மாதம் போயிருக்கும்.

பிப்ரவரி கடைசியில் இரண்டு பேருடையதையும் ஒரே பொதியாக சிகாகோவுக்கு அனுப்பினோம். அப்போது ஆளுக்கு 1,225 டாலர், வேலை அனுமதியும் பயண அனுமதியும் அதற்குள்ளேயே அடங்கும். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485-க்கு மட்டும் 1,440 ஆனது, மற்ற இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணமும் வந்துவிட்டது. மார்ச்சில் கைரேகை. மே மாதம் அவளுடைய வேலை அனுமதி அட்டை வந்தது, ஜூனில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் சேர்ந்தாள். முதல் நாள் காலையில் ஏழு மணிக்கே கிளம்பி நின்றாள், வேலை ஒன்பதரைக்கு.

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. ஜூலை கடைசியில்தான் நேர்காணல் கடிதம், ஆகஸ்ட் 8.

அந்த அறை சின்னது, மேசையில் எங்கள் கோப்பு, அதில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள். சத்தியம் வாங்கிக்கொண்டார்கள், ஆம்-இல்லை கேள்விகளை வரிசையாகக் கேட்டார்கள். திருமணப் படங்கள், வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு எல்லாம் பார்த்தார்கள். பிறகு அதிகாரியாக இருந்த அந்த அம்மா என் பாஸ்போர்ட்டில் கையை வைத்து, "நீங்கள் இந்தியாவில் பிறந்திருக்கிறீர்கள், இந்தியாவுக்கு இந்தத் திட்டம் இல்லையே" என்றார். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வெளியுறவுத் துறை வெளியிட்ட விதிமுறைத் தாளை அச்சிட்டு, மனைவி பிறந்த நாட்டைக் கோரலாம் என்கிற பத்திக்குக் கோடு போட்டு வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன், கூடவே அவளுடைய பிறப்புச் சான்றிதழ். இரண்டையும் எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனார். பத்து நிமிடம். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்தது. திரும்பி வந்து, "சரிதான், ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அனுமதி தர முடியும்" என்றார். அதுவும் விதிதான், துணைவரின் நாட்டைக் கோரினால் இருவருக்கும் ஒன்றாகவே முடிய வேண்டும். கடைசியில் சொன்னார், கென்டக்கி மையத்திலிருந்து உங்கள் குலுக்கல் கோப்பு இன்னும் வரவில்லை, அது வந்தால்தான் விசா எண் கேட்க முடியும் என்று.

கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் அந்த மையத்தில்தான் குலுக்கல் கோப்புகள் இருக்கும். நேர்காணல் நடத்தும் உள்ளூர் குடியேற்ற அலுவலகம் கேட்டால் அவர்கள் அனுப்புவார்கள், கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். மையத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், கோரிக்கை எதுவும் வரவில்லை என்று பதில். உள்ளூர் அலுவலகத்துக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் 20 ஆயிற்று. எவ்வளவு நாள் காத்திருப்பது? எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதினேன். குடியேற்றப் பிரச்சினைகளைப் பார்க்கவென்றே அங்கே ஆள் இருக்கிறார்கள். குடிமகனாக இல்லாவிட்டாலும் தொகுதியில் வசித்தால் உதவுவார்கள். ஒரு சம்மதப் படிவம், கூடவே அந்த மின்னஞ்சல் பதில், 'செப்டம்பர் 30' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. ஒன்பது நாளில் கோப்பு போய்ச் சேர்ந்தது. இதை நான் நேர்காணலுக்கு முன்பே, மே மாதத்திலேயே செய்திருக்க வேண்டும். நீங்கள் இந்த வழியில் போகிறீர்கள் என்றால் கைரேகை முடிந்த மறுவாரமே கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிடுங்கள், தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள்.

செப்டம்பர் தொடங்கியதும் இரவில் தூக்கம் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை தளத்தைப் பார்ப்பேன். செப்டம்பர் 17 காலையில் லேபில் கையுறையோடு நின்றபோது அவள் போன் செய்தாள். "கார்டு தயாராகுது எண்டு வந்திருக்கு, உங்களுக்கும் வந்திருக்கா பாருங்கோ" என்றாள். கையுறையைக் கழற்ற நேரமாயிற்று. எனக்கும் வந்திருந்தது. பதின்மூன்று நாள் மிச்சம்.

கார்டு அடுத்த வாரம் தபாலில் வந்தது. என்னுடையதில் டிவி6 (குலுக்கலில் தேர்வானவர்), அவளுடையதில் டிவி7 (அவருடைய துணைவர்) என்று வகை. பிறந்த நாடு என்ற இடத்தில் எனக்கு இந்தியா, அவளுக்கு இலங்கை. மாமிக்கு வீடியோவில் இரண்டையும் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளுடைய கார்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப இனி பயமில்லாமல் வந்துபோகலாம் தானே பிள்ளை?" என்று கேட்டார். அந்த டிசம்பருக்கே டிக்கெட் போட்டோம், சென்னை போய், திருநெல்வேலியில் அப்பா அம்மாவோடு பத்து நாள் இருந்துவிட்டு, திரும்ப சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு.