படித்துறையிலிருந்து பியூரெட் வரை: சூழலியல் செய்முறை நாட்குறிப்பு

2025 ஜூலை 7, திங்கள்

இந்தப் பருவத்தின் செய்முறை வகுப்பு இன்று தொடக்கம். எந்தப் பட்டப்படிப்பு படித்தாலும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்பது வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் வழி வந்தது. ஆனால் பல இடங்களில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி-பதிலாகச் சுருங்கிவிடுகிறது. நீரில் கை வைக்காமல் நீர் மாசு படிப்பதால் பெரிய பயன் இல்லை.

எடுத்துக்கொண்டிருப்பது கல்லூரிக்குப் பின்னாலுள்ள குளம். படித்துறைப் பக்கம் பாசி படர்ந்து பச்சைப்பசேலென்ற நீர், மேற்கு மூலையில் ஆகாயத்தாமரை, வடக்கே தெருச் சாக்கடை வந்து விழும் வாய்க்கால். ஒரே கரையைச் சுற்றினால் மூன்று விதமான தண்ணீர்.

இன்று கரைசல் தயாரிப்பு மட்டும். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க உதவும் சோடியம் தயோசல்பேட் 6.205 கிராம், கொதிக்கவைத்து ஆறவைத்த காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் 0.025 நார்மல் (செறிவின் அலகு). கூடவே 0.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துப் பழுப்பு பாட்டிலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாக்டீரியாவும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து வீரியத்தைக் குறைத்துவிடும். வீரியம் குறைந்த தயோசல்பேட் அதிகம் செலவாகும். குளத்தில் இல்லாத ஆக்சிஜன் கணக்கில் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் பொட்டாசியம் டைகுரோமேட் (லிட்டருக்கு 1.226 கிராம்) கொண்டு சரிபார்ப்பது அவசியம். இந்த டைட்ரேஷனின் (பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பதன்) முடிவில் நிறம் முழுதும் போகாது, வெளிர் பச்சை தங்கும். நிறமற்றதாகட்டும் என்று சொட்டிக்கொண்டே போகக் கூடாது.

ஜூலை 9, புதன்

பிற்பகல் 2 மணி, படித்துறை. விங்க்ளர் முறையில் கரைந்த ஆக்சிஜன் (டி.ஓ.): ஆக்சிஜனுக்கு ஈடாக அயோடினை வெளிவரச் செய்து அதை அளப்பது.

தவறுகளில் பாதி நீர் மொள்ளும்போதே நடந்துவிடுகிறது. பி.ஓ.டி. பாட்டில் எனப்படும், காற்றுப் புகாமல் மூடும் 300 மி.லி. பாட்டிலை மேற்பரப்பில் வைத்துக் களகளவென்று நிரப்பினால் காற்றும் கூடவே கரையும். மூடிய பாட்டிலை முழங்கை ஆழத்துக்கு இறக்கி, நீருக்குள்ளேயே மூடியைத் திறந்து, சாய்த்துப் பிடித்து மெதுவாக நிரப்பி, உள்ளேயே மூட வேண்டும். வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கையில் மிளகளவு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பதே சரி.

அடுத்தது கரையிலேயே நடக்க வேண்டும், ஆய்வகத்துக்குப் போகும்வரை காத்திருக்கக் கூடாது. மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., அதன் பிறகு ஆல்கலி-அயோடைடு-அசைடு 2 மி.லி.; பிப்பெட்டின் முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். மூடிப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்தால் திப்பித் திப்பியாக வீழ்படிவு உருவாகும். பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை என்று அர்த்தம். முதல் வகுப்பிலேயே கண்ணால் பார்க்கக்கூடிய விடை இது. படிவு பாதி பாட்டில் அளவுக்கு இறங்கிய பின் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. சேர்த்து, படிவு முழுதும் கரையும்வரை கலக்கினால் அயோடின் நிறம் வரும்.

இந்த அயோடினைத் தயோசல்பேட்டால் டைட்ரேஷன் செய்ய 200 அல்ல, 203 மி.லி. எடுக்கிறோம். முதல் இரண்டு கரைசல்களும் சேர்ந்து 4 மி.லி. குளத்து நீரை வெளியே தள்ளிவிட்டன. 200 × 300 ÷ 296 என்று போட்டால் 203 வரும். இப்படி எடுத்தால் செலவான தயோசல்பேட் 1 மி.லி.க்கு ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மி.கி. வேறு கணக்கே வேண்டாம். ஸ்டார்ச்சை வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் விட வேண்டும். நீலம் முதலில் மறையும் இடமே முடிவு. சற்று நேரத்தில் நீலம் திரும்பினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். நீலத்துக்குப் பதில் செவ்வூதா வந்தால் ஸ்டார்ச் பழசு, புதிதாகக் காய்ச்சிக்கொள்ளவும்.

30 டிகிரி நன்னீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் லிட்டருக்கு 7.56 மி.கி. ஆக்சிஜன்தான் வைத்திருக்கும். பாசி மண்டிய குளத்தில் பிற்பகலில் அதைத் தாண்டிய ரீடிங் வருவது சகஜம். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளியேறுகிற வேகத்துக்கு அது காற்றில் கலந்து போக முடியாது. ரெக்கார்டு நோட்டில் இதை மட்டும் எழுதி வைத்தால் ஊரிலேயே சுத்தமான குளம் இதுதான் என்று ஆகிவிடும்.

ஜூலை 11, வெள்ளி

விடியலுக்கு முன், 5:30 மணி. அதே படி, அதே ஆழம். மாதிரி எடுப்பதில் மாறியது நேரம் மட்டுமே.

இருட்டில் ஒளிச்சேர்க்கை இல்லை. சுவாசமோ இரவு முழுதும் நிற்பதில்லை. பாசி, மீன், அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருப்பதால் சூரியன் எழுவதற்குச் சற்று முன்தான் அளவு மிகக் கீழே இருக்கும். படித்துறையோரம் மீன்கள் வாயை நீர்மட்டத்தில் வைத்து மேல்படல நீரை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் டைட்ரேஷனுக்கு முன்பே விடை தெரிந்துவிடும். மேகமூட்டமான நாட்களுக்கு அடுத்த விடியலில் மீன்கள் கொத்தாகச் செத்து மிதப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பகலில் சேமிப்பு குறைவு, இரவில் செலவு அதே அளவு. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு ஊரில் எழும்போது முதலில் கேட்க வேண்டியது, முந்தின நாட்களில் வெயில் அடித்ததா என்பதை.

ஆகவே நோட்டில் ஒவ்வொரு ரீடிங்குக்கும் பக்கத்தில் மணி, ஆழம், வெப்பநிலை, வானம் எப்படி இருந்தது என்ற நான்கும் கட்டாயம். இவை இல்லாத டி.ஓ. எண்ணை மதிப்பிடவே முடியாது. குளிப்பதற்கான நீரில் 5 மி.கி.க்குக் குறையக் கூடாது, மீன்வளத்துக்கு 4 மி.கி. வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. பிற்பகல் எண்ணை மட்டும் வைத்து ‘தேறிவிட்டது’ என்று எழுதுவது மீன்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஆகாயத்தாமரை மூலையில் கதை வேறு. அங்கே நண்பகலிலும் ஆக்சிஜன் குறைவு. இலைகள் ஒளிச்சேர்க்கை செய்தாலும் அந்த ஆக்சிஜன் காற்றுக்குப் போகிறது. அடியில் வெளிச்சமும் இல்லை, காற்று உரசி நீர் கலங்கவும் வழியில்லை. வாரிய செடியைக் கரையிலேயே குவிப்பது வீண் வேலை. முதல் மழையில் அழுகிய சத்தெல்லாம் குளத்துக்கே திரும்பிவிடும். தள்ளிக் கொண்டுபோய் உரக்குழியில் போட வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

ஒளி-இருள் பாட்டில். ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜனை அளக்க, கார்டர், கிரான் என்ற இரு ஆய்வாளர்கள் 1927-ல் வெளியிட்ட முறை. ஒரே இடத்து நீரில் மூன்று பாட்டில்: ஒன்றில் உடனே ஆக்சிஜன் பார்ப்பது, மற்ற இரண்டையும் எடுத்த ஆழத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது. இருள் பாட்டிலுக்கு மாணவர்கள் அலுமினியத் தாளைக் கழுத்துவரை சுற்றி நிறுத்திவிடுகிறார்கள். மூடி வழியாகவும் ஒளி புகும், அதையும் மூட வேண்டும்.

எடுத்துக்காட்டாக தொடக்கம் 6.0, மூன்று மணி நேரம் கழித்து ஒளி பாட்டிலில் 8.4, இருளில் 5.1 என்றால் நிகர உற்பத்தி 2.4, சுவாசம் 0.9, மொத்த உற்பத்தி 3.3. மூன்றால் வகுத்து மணிக்கணக்காக்கி, 0.375-ஆல் பெருக்கினால் பாசி சேர்த்த கார்பனின் அளவு. பச்சை நீரில் மூன்று மணிக்கு மேல் விட்டால் ஒளி பாட்டிலில் குமிழி கட்டும். மூடியைத் திறந்ததும் அந்த ஆக்சிஜன் போய்விடும், உற்பத்தி குறைவாகத் தெரியும்.

ஜூலை 21, திங்கள்

வாய்க்கால் நீருக்கு பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க பாக்டீரியா எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். பழைய நூல்களில் 20 டிகிரியில் 5 நாள் என்றிருக்கும். நம் நாட்டுத் தரநிலை 27 டிகிரியில் 3 நாள். வெப்பம் கூடினால் பாக்டீரியா வேகமாகச் சிதைக்கும். திங்கள் அல்லது செவ்வாயில் தொடங்கினால் மூன்றாம் நாள் விடுமுறையில் விழாது.

சாக்கடை நீரை அப்படியே அடைத்தால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும், அதனால் நீர்த்தல். காற்றூட்டிய நீரில் லிட்டருக்கு பாஸ்பேட் பஃபர் (அமில-கார நிலையை மாறாமல் வைப்பது), மக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, ஃபெரிக் குளோரைடு கரைசல்கள் ஒவ்வொன்றும் 1 மி.லி. 300 மி.லி. பாட்டில்களில் மாதிரி 3, 6, 15 மி.லி. என மூன்று நீர்த்தல். மாதிரி சேர்க்காத பாட்டில் ஒன்றும் கூடவே. ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில் வேண்டும்: ஒன்றில் இன்றே டி.ஓ., மற்றது இன்குபேட்டருக்கு (வெப்பநிலையை மாறாமல் வைக்கும் பெட்டி). கழுத்தைச் சுற்றி நீர் தேங்கி நிற்க வேண்டும், அது காய்ந்தால் காற்று உள்ளே இறங்கும்.

ஜூலை 24, வியாழன்

மூன்றாம் நாள் டைட்ரேஷன். மாதிரி சேர்க்காத பாட்டிலில் 0.2 மி.கி.க்கு மேல் குறைந்திருந்தால் நீர்க்கப் பயன்படுத்திய நீரே சுத்தமில்லை, முழுத் தொகுதியையும் ஒதுக்க வேண்டும். மற்றவற்றில் குறைந்தது 2 மி.கி. செலவாகி, 1 மி.கி.யாவது மிஞ்சியிருக்கும் பாட்டில்தான் கணக்குக்கு உதவும். 7.6-ல் தொடங்கியது என்று கொள்வோம். 3 மி.லி. பாட்டில் 6.0-ல் நின்றால் செலவு போதாது. 6 மி.லி. பாட்டில் 4.4-க்கு வந்தால் 3.2 ÷ 0.02 (6 ÷ 300), அதாவது லிட்டருக்கு 160 மி.கி. உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீருக்கு உச்ச வரம்பு 30. 15 மி.லி. பாட்டிலில் பூஜ்யம் வந்தால் 7.6 ÷ 0.05 என்று வகுத்து 152 என எழுதக் கூடாது. ஆக்சிஜன் எப்போது தீர்ந்தது என்பதே தெரியாத பாட்டில் அது.

டைட்ரேஷன் முடிந்த நீரிலும், மீந்த கரைசலிலும் அசைடு இருக்கிறது. தொட்டியில் ஊற்றாமல் மூடியுள்ள கழிவுக் கேனில் சேர்க்கவும். அசைடு கரைசலும் அமிலக் கழிவும் ஒரே கேனில் போனால் நச்சு வாயு கிளம்பும், இரண்டுக்கும் தனித்தனிக் கேன்.