அம்மப்பாவின் தகரப்பெட்டி

மார்ச் 3, திங்கள், கல்லடி, மட்டக்களப்பு

பெரியம்மா இன்றைக்குத்தான் தகரப்பெட்டியைத் தந்தார். 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரையே போனது, கட்டிலுக்கடியில் கிடந்த இந்தப் பெட்டி தப்பிவிட்டது. உள்ளே நாலாய் மடித்த கடதாசிகள். குண்டூசி துருப்பிடித்து, தாளோடு தாளாக ஒட்டிக் கிடக்கிறது.

அம்மப்பா இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய இராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில் சாரதி, மத்திய கிழக்கு வரை போனவர். ஆனால் ஊரில் சொன்ன கதை வேறு: "அவரைப் பட்டாளத்தால கலைச்சவங்க." பெரியம்மா அதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவர்.

"பார்த்துச் சொல்லு புள்ள. ஆறுதலுக்கு எண்டு பொய் மட்டும் சொல்லிப்போடாத."

மார்ச் 5, புதன்

ஒரு படிவத்தின் தலைப்பில் 'கஷுவல்ட்டி' என்று கிடந்தது. பகீரென்றது. காயம்பட்டதாக வீட்டில் யாரும் சொன்னதில்லையே! தேடிப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. இந்தப் படிவத்தில் அந்தச் சொல்லுக்குச் சாவும் காயமும் மட்டுமல்ல பொருள். இடமாற்றம், ஆஸ்பத்திரி என்று ஒரு சிப்பாயின் நிலையில் வரும் எந்த மாற்றமும் அதில் பதிவாகும். பி 103 என்கிற அந்தப் படிவம் கிட்டத்தட்ட அவருடைய நாட்குறிப்பு.

அப்புறம் மற்றவை அவிழ்ந்தன. 'எஸ்.ஓ.எஸ்.' அபாய அழைப்பு அல்ல. ஒரு படையணியின் ஆள்கணக்கிலிருந்து பெயரை எடுத்தது. 'டி.ஓ.எஸ்.' இன்னொன்றில் சேர்த்தது. இரண்டையும் சோடியாக, திகதியோடு படிக்க வேண்டும். 'எம்.இ.எஃப்.' மத்திய கிழக்குப் படை.

'டிஸ்சார்ஜ்' மூன்று இடத்தில் வருகிறது. மூன்றுக்கும் பக்கத்தில் ஆஸ்பத்திரி இலக்கம். அதாவது ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கோ படையணிக்கோ அனுப்பியது, பட்டாளத்தை விட்டு அனுப்பியதல்ல. கூடவே 'பி.டி.' என்று இரண்டெழுத்து: ஒருநாள் விட்டு ஒருநாள் காயும் மலேரியா. ஆங்கிலத்தில் அதற்குச் 'சாதுவான' என்று அடைமொழி வேறு. எங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மலேரியாவில் கிடந்து எழும்பியவர்கள் ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

விடுவிப்புப் பத்திரம். காரணம் என்ற கட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. 'பந்தி 390', அடைப்புக்குள் ரோம எழுத்தில் பதினாறு, 'கே.ஆர். 1940'. அவ்வளவுதான்.

கே.ஆர். என்பது 'கிங்ஸ் ரெகுலேஷன்ஸ்', மன்னரின் பெயரால் வந்த இராணுவ ஒழுங்குவிதிகள். சிப்பாயை என்னென்ன காரணத்துக்கு விடுவிக்கலாம் என்று 390ஆம் பந்தி ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஒழுக்கக்கேட்டுக்கு வேறு உட்பிரிவு. பதினாறு: இராணுவம் கேட்கிற உடற்தகுதி இல்லாமற்போனது.

இரண்டு தரம், மூன்று தரம் சரிபார்த்தேன். நடத்தை என்ற இடத்தில் மங்கிய மையில் 'வெரி குட்'. ஒரு மனிதனின் மானத்தை இப்படி ஒரு இலக்கத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களே என்று கோபம் வந்தது. அவராலும் அதை வாசித்திருக்க முடியாது, ஊராலும் முடியவில்லை.

மார்ச் 15, சனி

பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எந்த இடம் என்று கேட்டு, அந்த இலக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப கலைக்கல்ல."

"இல்ல பெரியம்மா. உடம்பு ஏலாமப் போனதால விட்டிருக்காங்க."

"அத தமிழில எழுதித் தா. பெரிய எழுத்தா."

கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒருதரம் வாசித்தார். நாலாய் மடித்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.