போஸ்டர் என்று எழுதி அனுப்பப்பட்ட 1783-ஆம் வருடத்து யானை

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் கேலிச்சித்திர அச்சுகளை விலைக்கு வாங்க ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரிலும் நாலு பேராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அந்தக் காலத்துக் கேலிச்சித்திரக்காரர்கள் ஹோகார்த், கில்ரே, ரோலண்ட்சன் எல்லாம் யார் என்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏலத்தில் எப்படிப் பதிவு செய்வது, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை எப்படி ஆன் செய்வது என்பதெல்லாம் பத்து நிமிட வேலை, அதில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. என்னைப் படுத்தியது முழுக்கக் காகிதம்தான். முதலில் படம் அச்சான காகிதம், அப்புறம் படத்தோடு வந்த காகிதம்.

முதல் பஞ்சாயத்து கில்ரேயின் 1797-ஆம் வருடப் படம் ஒன்றால் வந்தது. பாங்க் ஆஃப் இங்கிலாந்தை ஒரு கிழவியாக்கி, பிரதமர் பிட் அவளைக் கொஞ்சுகிற சாக்கில் அவள் பையில் கைவிடுவதாக வரைந்திருப்பார். கிழவி நோட்டுகளால் தைத்த கவுன் போட்டுக்கொண்டு பணப்பெட்டி மேல் உட்கார்ந்து அலறுவாள். அந்த வருடம் பிப்ரவரியில் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது, மே மாதத் தொடக்கத்தில் அதைச் சட்டமாகவே ஆக்கியது, மே 22-ஆம் தேதி இந்தப் படம் கடைக்கு வந்துவிட்டது. ‘த்ரெட்நீடில் தெருக் கிழவி’ என்று அந்த வங்கியை இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்தப் பட்டப்பெயரை ஊரெல்லாம் பரப்பியது இந்தப் படம்தான். எனக்கு ரொம்ப நாளாக இதன் மேல் ஒரு கண்.

இணையத்தில் விற்றவர் ‘1797 ஒரிஜினல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன். ஃப்ரேமுக்குள் இருக்கிறது, பிரித்தால் கெட்டுவிடும் என்றார். இந்தப் பதிலிலேயே எனக்குச் சந்தேகம். அதனால் நேரே சென்னைக்கு அனுப்பச் சொல்லாமல் லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அத்தான் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து நிதானமாகப் பிரித்தார். வாட்ஸாப்பில் வந்த முதல் போட்டோவே போதுமானதாக இருந்தது: காகிதத்தின் பின்பக்கத்தில் இன்னொரு கேலிச்சித்திரம், முழுசாக, தலைப்போடு! படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டையைத் தூக்கியதும் வலது மேல் மூலையில் ஓர் எண்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: கில்ரே 1815-ல் இறந்துவிட்டார், ஆனால் அவர் செதுக்கிய செப்புத் தகடுகளில் பெரும்பகுதி பத்திரமாக இருந்தது. அவை கைமாறி ஹென்றி போன் என்ற பதிப்பாளரிடம் வந்து சேர, அவர் அதே தகடுகளில் மறுபடி மை தடவி அச்சடித்து 1851 வாக்கில் பெரிய தொகுப்பாக விற்றார். தடித்த காகிதம், இரண்டு பக்கமும் படம், வண்ணம் கிடையாது, மூலையில் எண். போலி என்று சொல்ல முடியாது, கில்ரே கைபட்ட தகடுதான். ஆனால் கில்ரே உயிரோடு இருந்தபோது, அவருடைய பதிப்பாளர் ஹன்னா ஹம்ஃப்ரி அம்மாள் தன் கடையில் அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டி விற்ற பிரதிக்கும் இதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எனக்கு வந்ததில் யாரோ பிற்பாடு பளபளவென்று வண்ணம் வேறு பூசி வைத்திருந்தார்கள்.

விற்றவரிடம் கேட்டால், “படத்தின் அடியிலேயே 1797 மே 22 என்று இருக்கிறதே, படிக்கத் தெரியாதா?” என்கிற தொனியில் பதில். அந்தத் தேதி ஏன் அங்கே இருக்கிறது என்றுதான் நான் திரும்ப எழுதினேன். ஹோகார்த்தும் மற்ற ஓவியர்களும் மனுப் போட்டு வாங்கிய 1735-ஆம் வருடச் சட்டப்படி, படத்துக்கு 14 வருட உரிமை வேண்டுமென்றால் வெளியிட்ட தேதியையும் உரிமையாளர் பெயரையும் தகட்டிலேயே பொறித்தாக வேண்டும் (1767-ல் இதை 28 வருடமாக்கினார்கள்). தகட்டில் பொறித்தது, ஐம்பது வருடம் கழித்து அச்சடித்தாலும் அப்படியேதான் விழும். தேதி தகட்டின் வயதைச் சொல்லும், காகிதத்தின் வயதைச் சொல்லாது. இரண்டு பக்கப் போட்டோவையும் இணைத்து அந்தத் தளத்திலேயே புகார் போட்ட பிறகு ஆள் அடங்கினார். படத்தின் விலை திரும்பி வந்தது, தபால் செலவு வரவில்லை. அக்கா அதற்கு இன்னும் என்னைக் குத்திக்காட்டுகிறாள்.

ஆகவே, பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். ஃப்ரேம், மவுன்ட் இல்லாமல் முழுத்தாளின் இரண்டு பக்கமும், அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு போட்டோ. அந்தக் காலத்துக் காகிதத்தில் பெரும்பாலும் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றை இடைவெளி விட்டுக் குறுக்கே வெட்டும் கோடுகளும் தெரியும், சிலதில் நீர்க்குறி (வாட்டர்மார்க்) இருக்கும். வழவழப்பான, கோடில்லாத காகிதமும் அந்த நூற்றாண்டின் கடைசியில் புழக்கத்துக்கு வந்துவிட்டது, ஆகவே கோடு இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். தகடு அழுந்திய பள்ளம் நாலு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆட்கள் ஆல்பத்தில் ஒட்டுவதற்காக ஓரத்தை வெட்டித் தள்ளியிருப்பார்கள், அதோடு பதிப்பாளர் பெயரும் தேதியும் போய்விட்டிருக்கும். பின்பக்கம் காட்ட மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

அடுத்தது ஒரு லண்டன் ஏலம். இந்த முறை ஜேம்ஸ் சேயர்ஸ். வக்கீல் தொழிலிலிருந்து படம் வரைய வந்த மனுஷர், பிட் கட்சிக்காரர். நான் எடுத்தது 1783 டிசம்பர் 5-ஆம் தேதியிட்ட படம். அப்போது மந்திரியாக இருந்த ஃபாக்ஸ் கொண்டுவந்த இந்தியா மசோதாவைக் கிண்டல் செய்வது. கிழக்கிந்திய கம்பெனியை அரசு நியமிக்கும் ஆட்களின் கையில் கொடுக்கப் பார்த்த மசோதா அது. படத்தில் ஃபாக்ஸ் முகலாய வேஷம் போட்டுக்கொண்டு, கம்பெனித் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவுக்குள் யானை மேல் பவனி வருவார். யானைக்கு முகம் அவருடைய கூட்டாளி நார்த் பிரபு. முன்னால் எக்காளம் ஊதிக்கொண்டு போகிறவர் ஃபாக்ஸ் கட்சி எம்.பி. எட்மண்ட் பர்க். கீழவையில் தேறிய மசோதா, படம் வெளிவந்த பன்னிரண்டாம் நாள் பிரபுக்கள் அவையில் தோற்றது, கையோடு அரசர் அந்த மந்திரிசபையையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு 24 வயது பிட்டைப் பிரதமராக்கினார். நாடாளுமன்றப் பேச்சுகளைவிட சேயர்ஸின் படங்கள்தான் தன்னை அதிகம் கெடுத்தன என்று ஃபாக்ஸ் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சேயர்ஸுக்கு பிட் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில் ஒரு பதவி வாங்கிக் கொடுத்தார் என்பது மட்டும் உறுதி. அந்தக் காலத்து ஐடி விங் என்றுகூடச் சொல்லலாம். நம் பக்கத்துக் கதையும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: இந்த எக்காளக்காரர் பர்க்தான் 1785 பிப்ரவரியில் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி அந்தப் புகழ்பெற்ற நீண்ட உரையை ஆற்றியவர்.

சேயர்ஸ் படங்களில் வண்ணம் பெரும்பாலும் இருக்காது, கில்ரே அளவுக்குப் போட்டியும் இருக்காது, பட்ஜெட்டில் அடங்கும். ஆனால் சுத்தியல் விலையை (ஏலத்தில் கடைசியாக நின்ற விலையை) மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், ஏல நிறுவனத்தின் கமிஷன், கமிஷன் மேல் வரி, பேக்கிங் எல்லாம் சேர்ந்துதான் பில் வரும்.

பேக்கிங் செய்த ஆள்தான் எனக்கு வில்லன். இன்வாய்ஸில் ‘பழைய போஸ்டர், 1’ என்று எழுதிவிட்டார். அதோடு நிற்காமல் பில் தொகையைவிடக் கணிசமாக அதிகத் தொகைக்கு இன்சூரன்ஸ் போட்டுவிட்டார். பார்சல் சென்னை வந்து நின்றது. ஆதார் எல்லாம் ஆன்லைனில் ஏற்றியாயிற்று, அது சரி. அப்புறம் கூரியர் கம்பெனியிலிருந்து போன்.

“சார், பில்லுல போஸ்டர்னு இருக்கு. போஸ்டருக்கு எதுக்கு சார் இவ்ளோ இன்சூரன்ஸ்?”

இருநூறு வருடத்துக்கு மேல் பழைய படம் என்று விளக்கினேன். விளக்கியதுதான் தாமதம்.

“அப்போ ஆன்டிக்கா சார்? தொல்லியல் துறை சர்டிபிகேட் வேணுமே.”

1972-ஆம் வருடப் பழம்பொருள் சட்டம் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவதற்குத்தான் கட்டுப்பாடு விதிக்கிறது, உள்ளே வருவதற்கு இல்லை என்று சொன்னால், “எங்க சிஸ்டத்துல கேக்குது சார்” என்ற ஒரே பதில். நேரில் போனால் சம்பந்தப்பட்டவர் மதிய ஷிப்ட், மதியம் போனால் மெயில் பண்ணுங்கள். மெயில் பண்ணினால் யாரோ ஒருவர், போஸ்டர் என்றே விட்டுவிடுங்கள் சார், சீக்கிரம் முடியும் என்று யோசனை சொன்னார்! போஸ்டர் என்று விட்டால் சுங்க வரிப் பட்டியலில் 4911, அதாவது அச்சிட்ட படங்கள் வகைக்குப் போகும். காலண்டரில் வருகிற மாதிரியான படங்களின் இடம் அது. அசல் செதுக்கோவிய அச்சுகளுக்கு 9702 என்று தனித் தலைப்பே இருக்கிறது. கலைஞர் முழுக்கக் கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த அச்சாக இருக்க வேண்டும், இயந்திர முறையோ போட்டோ முறையோ கலந்திருக்கக் கூடாது என்று அந்தப் பட்டியலின் அத்தியாயக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. 2022-லிருந்து 100 வருடத்துக்கு மேற்பட்டவற்றுக்கு அதற்குள் தனி உட்பிரிவும் வந்துவிட்டது. (வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் வாங்கும் நாளில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடைசியில் நடந்தது இது. ஏல நிறுவனத்திடம் கெஞ்சித் திருத்திய இன்வாய்ஸ் வாங்கினேன்: கலைஞர் பெயர், தலைப்பு, 1783, செப்புத் தகட்டு அச்சு, கையால் எடுத்தது என்று வரிவரியாக. ஏல முடிவுப் பக்கம், வங்கி அனுப்பிய பணப்பட்டுவாடாச் செய்தி இரண்டையும் சேர்த்தேன். அப்புறம் பிரிட்டிஷ் மியூசியத்தின் கேலிச்சித்திர அட்டவணையில் இந்தப் படத்தின் பதிவு. டாரதி ஜார்ஜ் அம்மையார் வருடக்கணக்கில் உட்கார்ந்து தொகுத்த தொகுதிகளில் வருகிறது இது, எண் 6276. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக்கி, இன்சூரன்ஸ் தொகை ஏன் அதிகம் என்று ஒரு பக்கக் கடிதமும் வைத்து அனுப்பினேன். அந்த அட்டவணை எண்தான் காரியத்தை முடித்தது என்று நினைக்கிறேன். கோப்பைப் பார்த்த சுங்க அதிகாரி தன்மையாகப் பேசினார். “யானைக்கு ஏன் சார் மனுஷ மூஞ்சி?” என்று மட்டும் கேட்டார், சொன்னேன், சிரித்தார். 9702-லேயே போனது. நீங்கள் வாங்கினால் பார்சல் கிளம்பும் முன்பே இன்வாய்ஸின் நகலை வாங்கிப் பார்த்துவிடுங்கள், இறங்கிய பிறகு ஒரு வார்த்தை மாற்ற உயிர் போகிறது.

பார்சலைப் பரிசோதித்தவர்கள் கட்டரால் கிழித்து, பழுப்பு டேப் போட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் உறையில் இருந்ததால் படம் பிழைத்தது, மவுன்ட் அட்டை போயிற்று. தட்டையாக, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே, உள்ளே தனி உறை, எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வெளியே எழுதியது: இதைப் பேக்கிங் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு தாண்டி வந்தால் ஃப்ரேம் கடைக்காரர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, “ஓரத்த ஒரு இன்ச் வெட்டிட்டு போர்டுல ஒட்டிடலாம் சார், நீட்டா நிக்கும்” என்கிறார். 240 வருடம் தப்பித்த ஓரம்! படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். பசை வேண்டாம், அமிலம் இல்லாத அட்டை, மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய காகிதக் கீல், கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னால் காதில் ஏறாது. சுங்க ரசீதையும் இன்வாய்ஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நாளைக்கு இதை வெளிநாட்டுக்கு அனுப்பவோ எடுத்துப் போகவோ நேர்ந்தால் அந்த 1972 சட்டம் அப்போது நிஜமாகவே குறுக்கே வரும்.

கூரியர் கம்பெனி, பார்சல் கிடங்கில் கிடந்த நாட்களுக்கென்று ஸ்டோரேஜ் கட்டணம் போட்டிருந்தது. இல்லாத சர்டிபிகேட்டைக் கேட்டுத் தாமதம் செய்தது அவர்கள்தான் என்று மெயில் அனுப்பியிருக்கிறேன். ‘உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது’ என்று தானாக வரும் பதில் மட்டும் வந்திருக்கிறது.