மாலைப் பொழுது

என் கணவர் இயற்பியல் ஆய்வாளர். நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி அவர் விரல்களிலிருந்து நழுவத் தொடங்கியதைக் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றே முதலில் நினைத்திருந்தோம். 2020இல் அது ஏ.எல்.எஸ். என்று உறுதியானது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிய மடியக் கை, கால், நாக்கு, மூச்சுத் தசை என எல்லாம் வலுவிழக்கும். கண்ணசைவு மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். ரிலுசோல் மாத்திரை சில மாதங்களைக் கூட்டித் தருமே தவிர, நோயைத் தீர்க்காது.

செய்தி அறிந்தவர்கள் எல்லாரும், 1963இல் இரண்டே ஆண்டு என்று கெடு சொல்லப்பட்டும் இதே நோயோடு 2018 வரை வாழ்ந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கை நினைவூட்டி ஆறுதல் சொன்னார்கள். என் மனமோ அவரை 1965இல் மணந்த ஜேனைத் தேடியது. 1985இல் ஜெனீவாவில் ஹாக்கிங் நிமோனியாவால் நினைவிழந்து கிடந்தபோது, செயற்கைச் சுவாசத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்ட மருத்துவர்களிடம் மறுத்து, அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவர் ஜேன். 1995இல் அவர்கள் மணவிலக்குப் பெற்றதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூன்று பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, திருமணமாகிப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1981இல், இடைக்கால ஸ்பானியக் கவிதையில் ஜேன் முனைவர் பட்டம் பெற்றார் என்பதைப் படித்த அன்று நெடுநேரம் அழுதேன். அந்நிலத்துப் பழம்பாடல்களில் பெண் குரலில் அமைந்த காதற்பாடல்கள் ஏராளம். நம் சங்கப் பாடல்களின் தலைவி கூற்றுக்கு உறவானவை.

என் ஆய்வு முல்லைத் திணையைப் பற்றியது. அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்து சென்றவர் வரும்வரை காத்திருத்தல்; சிறுபொழுது மாலை. மாலையில்தான் பகல்நேரச் செவிலி வீட்டுக்குக் கிளம்புவார்; உணவுக் குழாய், சளி உறிஞ்சும் இயந்திரம், புரட்டிப் படுக்க வைத்தல் என எல்லாம் என் பொறுப்பாகும். ‘சார் எப்படி இருக்கிறார்?’ என்று அன்போடு கேட்கிறார்கள். என் ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பவர் என் கணவர் ஒருவர்தான்.

அவர் பேசுவது எழுத்தட்டையில், கண்ணால்தான். தமிழின் 247 எழுத்துகளை ஓர் அட்டையில் அடக்க முடியாது. ஆகவே உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். அவர் கண்ணால் காட்டக் காட்ட நான் சேர்த்துப் படிப்பேன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது, மின்சாரம் போயிற்று. மூச்சுக்குத் துணைசெய்யும் பைபாப் இயந்திரம் நின்றால் அவருக்கு மூச்சு ஆழமாக இறங்காது, கரியமில வாயு உடலில் தங்கிவிடும். இன்வெர்ட்டர் ஓய்ந்ததும் அவரை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டேன். மாடிவீட்டுத் தம்பி டீசல் கேனைத் தலையில் சுமந்து வந்து ஜெனரேட்டரை ஓட வைக்கும்வரை அப்படியே இருந்தோம். முகமூடியை மாட்டி, அவர் மூச்சு சீரானபின், ஏதாவது வேண்டுமா என்று கேட்டு டார்ச் வெளிச்சத்தில் அட்டையைக் காட்டினேன்.

ம், உ, ல், ல், ஐ.

“மூன்றாம் இயல் இன்னும் முடியவில்லை, பதினைந்து பக்கம் பாக்கி,” என்றேன். அவர் கண்கள் மீண்டும் அட்டைக்குத் திரும்பின.

ப், அ, ட், இ.

அதுவரை எழுதியிருந்ததை எடுத்து வந்து, அந்த வெளிச்சத்திலேயே அவருக்குப் படித்தேன்.